18 சென்ட் விளையில் பழமரங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், எங்கள் பக்கத்தில், வீட்டைச் சுற்றிக் கிடக்கும் மேட்டு நிலத்தை விளை என்போம். கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் எத்தனையோ ஊர்ப்பெயர்கள் அந்தச் சொல்லிலேயே முடிகின்றன. திருவட்டாற்றுக்குப் பக்கத்தில் என் கணவரின் குடும்பத்துக்கு இருந்த 18 சென்ட் விளையில் 2008-ஆம் ஆண்டு நாங்கள் வீடு கட்டினோம். அதற்காக அங்கே நின்ற பெரிய வருக்கைச் சக்கை மரத்தை, அதாவது பலா மரத்தை, வெட்ட வேண்டியதாயிற்று. அந்த மரம் கதவாகவும் நிலையாகவும் இன்றும் வீட்டில்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த சக்கைக் காலத்தில், வாழ்நாளில் முதல் முறையாகக் காசு கொடுத்து வாங்கிய சக்கையை அடுக்களையில் வைத்து வெட்டியபோது அத்தை ஒரு வார்த்தையும் பேசவில்லை. இழந்த ஒரு மரத்துக்கு ஈடாக விளை முழுவதும் பழமரங்களால் நிரப்பிவிட வேண்டும் என்று அன்றைக்கு நான் எடுத்த முடிவில் அன்பு இருந்தது, கணக்கு இல்லை. பின்னர் நேர்ந்த தவறுகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே பிறந்தன.

வீடு, கிணறு, முற்றம், கழிவுநீர்த் தொட்டி, முன்பே நின்ற தென்னைகள் ஆகியவை போக, எனக்குக் கிடைத்தது ஏறத்தாழ 10 சென்ட். வெட்டாமல் வளரவிடும் ஒரு மாமரத்துக்குப் பத்து மீட்டர் இடைவெளி வேண்டும் என்றால் அது 100 சதுர மீட்டர். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். ஆகவே ஒரு மரத்துக்கு இரண்டரை சென்ட், 10 சென்டுக்கு நான்கே மரங்கள். இந்தக் கூட்டலை நான் போட்டது 2018-இல். 2009 ஆனி மாதம், முழங்கால் உயரக் கன்றுகளைத் தரையில் வைத்துப் பார்த்தபோது எட்டடி இடைவெளியே பாலைவனம் போலத் தெரிந்தது. மா, சக்கை, சப்போட்டா, கொய்யா, வெண்ணெய்ப்பழம், ரம்புட்டான் என 17 கன்றுகளை நட்டுவிட்டேன்.

நெருக்கத்தின் விளைவு முதல் மூன்று ஆண்டுகளில் தெரியாது, அதுதான் ஏமாற்றம். ஐந்தாம் ஆண்டில் கிளைகள் ஒன்றையொன்று தொட்டதும், மரங்கள் பக்கவாட்டில் பரவுவதை விட்டுவிட்டு வெயிலைத் தேடி மேலே ஓடின. தாழ்ந்த கிளைகள் காய்ந்தன, தண்டில் பாசி பிடித்தது, கொய்யாவில் உச்சிக்கொம்பில் மட்டும் காய் தங்கியது. மதிலிலிருந்து ஆறடி தள்ளி வைத்த சக்கை மரம் பாதி உடலைப் பக்கத்து வீட்டின் மேல் நீட்டியது; அவர்களுடைய ஓடு உடைவதற்குள் அந்தக் கிளைகளை நாங்களே கழித்தோம். இப்போது ஒரு கன்றை நடுவதற்கு முன் நான் செய்வது ஒன்றுதான்: நடவிருக்கும் இடத்தில் ஒரு குச்சியை ஊன்றி, கயிற்றைக் கட்டி, அந்த மரம் முழு வளர்ச்சியடைந்தபின் எவ்வளவு அகலம் கொள்ளுமோ அவ்வளவுக்குச் சாம்பலால் தரையில் ஒரு வட்டம் போடுவேன். ஆண்டுதோறும் கவாத்து செய்து அடக்கி வைக்கும் மாவுக்கு ஐந்து அல்லது ஆறு மீட்டர், சக்கைக்கு எட்டு மீட்டர், கொய்யாவுக்கு நான்கு மீட்டர் என்று போடும் அந்த வட்டங்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது. கிணற்றையும் கழிவுநீர்த் தொட்டியையும் மதிலையும் தொடவே கூடாது. வட்டம் போட்டு ஒரு வாரம் அப்படியே விட்டுவைத்தால், அந்த இடத்துக்கு எத்தனை மணி நேரம் வெயில் கிடைக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

நெருக்கத்துக்கு முன்பே தண்ணீர் தன் கணக்கைத் தீர்த்திருந்தது. நமது மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழை. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், ஐப்பசி கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையும் மேற்குப் பகுதியை நன்றாகவே நனைக்கின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் தண்ணீர் விட்டே கன்றைக் காப்பாற்ற வேண்டியவர்களின் கவலை வேறு. எங்கள் கவலை தண்ணீரை வடியவிடுவது. எங்கள் விளையில் மேலே ஒன்றரை அடி செம்மண், அதற்குக் கீழே இறுகிய சரல், அதாவது சரளைக்கல். அந்தச் சரலில் கடப்பாரையால் மூன்றடிக் குழி வெட்டி, அதில் இளகிய மண்ணையும் சாணத்தையும் நிரப்பினால், அது செடிக்குக் குழியாக இருப்பதில்லை. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் தொட்டியாகிவிடுகிறது. வெண்ணெய்ப்பழக் கன்று முதல் ஆடியிலேயே வாடியது. இலை தொங்கியதைப் பார்த்துத் தாகம் என்று எண்ணி நான் மேலும் தண்ணீர் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்து அழுகியிருந்தது. அதே சரிவில் கீழே நட்ட ஒரு மாங்கன்றும் அப்படியே போயிற்று.

அதன் பின் குழி வெட்டினால் அதில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையில் போய்ப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. தண்ணீர் அப்படியே நின்றால் அந்த இடத்தில் குழிக்குள் நடுவதில்லை. பக்கத்து மண்ணை வாரிக் கூட்டி ஒன்றரை அடி உயரத்தில் அகன்ற மேடு கட்டி, மேட்டின் மேல் நடுகிறேன். குழி வெட்டுவதாக இருந்தாலும் ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டி, பக்கச் சுவர்களை வழவழப்பாக விடாமல் கடப்பாரையால் குத்திக் குத்திச் சிதைத்துவிடுகிறேன். இளவேர் அந்த வெடிப்புகளைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே போகும். தென்னைக்குச் சரல் குழியில் உப்புப் போட்டு ஊறவிடும் பழைய வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. சரல் அதனால் இளகும். ஆனால் அது உப்பைத் தாங்கும் தென்னைக்கு உரிய முறை. மாங்கன்றுக்கோ சக்கைக்கோ அதைச் செய்யக் கூடாது. மழை மிகுந்த செம்மண் புளிப்பேறி இருக்கும் என்பதால், மண் பரிசோதனைக்குப் பின் குழிக்கு அரைக்கிலோ நீற்றுச் சுண்ணாம்பு கலந்து, இரண்டு வாரம் கழித்தே மக்கிய சாணமும் வேப்பம்பிண்ணாக்கும் எலும்புத்தூளும் சேர்க்கிறேன். சுண்ணாம்பையும் சாணத்தையும் ஒரே நாளில் கலந்தால் சாணத்தின் சத்து காற்றோடு போய்விடும்.

நடும் காலத்தையும் மாற்றிக்கொண்டேன். அடித்துப் பெய்யும் ஆனி ஆடியில் நடுவதை விட்டுவிட்டு, இரண்டு மழைக்கும் நடுவில், ஆவணி புரட்டாசியில் நடுகிறேன். மண் ஈரமாக இருக்கும், வெயிலும் கிடைக்கும். வேர் சற்றே பிடித்து நிற்கும் வேளையில் ஐப்பசி மழை வந்துவிடும். தை முதல் சித்திரை வரையிலான வறட்சிக்குத் தூரைச் சுற்றிக் கதம்பையை, அதாவது தேங்காயின் நார்மட்டையை, குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி மூடிவிட்டால் தண்ணீர்த் தேவை பெருமளவு குறைகிறது. தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் இடம் வெறுமையாக இருக்க வேண்டும். இல்லையேல் கறையான் ஏறும்.

இனி, என் மனத்தை மிகவும் வருத்திய செங்கவருக்கை மாவைப் பற்றிச் சொல்கிறேன். இந்த மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தப் பழத்தின் நிறத்தையோ மணத்தையோ விளக்க வேண்டியதில்லை. ஒரு நாற்றங்காலில் ஒட்டுக்கன்று என்று வாங்கி, நட்டு, கிளைகளாகப் பிரிந்து வளர்வதைப் பார்த்து ஆறு ஆண்டுகள் காத்திருந்தேன். 2015-இல் காய்த்தது. பழுத்தபின் வெட்டினால் நாரும் புளிப்புமாக இருந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதித்துக்கொண்டிருந்தபோது, தென்னை மரம் ஏறித் தேங்காய் வெட்ட வந்த பாட்டா மரத்தின் தூரை மம்பட்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, “மக்களே, நீங்க தண்ணி விட்டு வளத்தது ஒட்டு இல்ல, அடிமரம். ஒட்டு எப்பமே பட்டுப்போச்சு” என்றார். மண்ணுக்குள் ஓர் அங்குல நீளத்தில் கறுத்த முளை ஒன்று ஒட்டிய தழும்போடு இருந்தது. அதற்குக் கீழேயிருந்து கிளம்பிய தளிர்தான் அத்தனை பெரிய மரமாகியிருந்தது.

தவறு என்னுடையதே. காற்றில் ஆடாமல் இருக்கட்டும் என்று ஒட்டிய இடத்துக்கு மேல் வரை நான்தான் மண்ணை அணைத்திருந்தேன். ஒட்டுக்கன்றில் அடிச்செடி என்பது ஏதோ ஒரு நாட்டு மாங்கொட்டையிலிருந்து முளைத்தது. நாம் விரும்பும் வகை மேலே ஒட்டப்பட்ட குச்சியில் மட்டுமே இருக்கிறது. அடிச்செடிக்கு வேகம் கூடுதல் என்பதால் ஒட்டுக்குக் கீழே ஒரு தளிர் விட்டு, அதைக் கவனிக்காமல் இருந்தால், சாறு முழுவதும் அதற்கே போய், மேலே இருக்கும் ஒட்டு பட்டினி கிடந்து பட்டுவிடும். ஆகையால் ஒட்டிய இடம் மண்ணுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதில் சுற்றிய பிளாஸ்டிக் நாடாவை ஒட்டு நன்றாகக் கூடியபின் மறக்காமல் அறுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தண்டு பருக்கும்போது அதுவே கழுத்தை நெரிக்கும். கீழே விடும் தளிரை முதல் இரண்டு ஆண்டுகள் வாரம் ஒரு முறை கிள்ளியெறிய வேண்டும். வாங்கும்போதே ஒட்டுக்கு மேலே குறைந்தது இரண்டு முறையாவது தளிர்த்து முற்றிய இலைகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

அந்த மரத்தை வெட்டிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். பாட்டாதான் வேறு வழி காட்டினார். 2016-இல் மரத்தை இடுப்பளவு உயரத்தில் அறுத்தோம். வெட்டுவாயைச் சுற்றிக் கிளம்பிய தளிர்களில் நல்லதாக ஐந்தை மட்டும் விட்டு, தண்டு இளசாக இருக்கும்போதே, என் நாத்தனார் வீட்டுச் செங்கவருக்கையிலிருந்து அதே பருமனுள்ள குச்சிகளைக் கொண்டுவந்து ஆப்பு வடிவில் சீவி ஒட்டினோம். குச்சியை வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே அதன் இலைகளைக் காம்பு மட்டும் நிற்கும்படி கத்தரித்துவிட வேண்டும்; அப்போதுதான் நுனி மொட்டு விம்மி, ஒட்டியதும் விரைவாகத் தளிர்க்கும். ஐந்தில் மூன்று பிடித்தன. மூன்றாம் ஆண்டில் அந்த மரத்தில் உண்மையான செங்கவருக்கையைப் பறித்தோம். விதையிலிருந்து முளைத்து ஏற்கெனவே விளையில் நிற்கும் புளிப்பு மாவை வெட்டிப்போட நினைப்பவர்கள் தயவுசெய்து இதை ஒரு முறை முயன்று பார்க்க வேண்டும். வேரும் தண்டும் தயாராக இருப்பதால் புதிய கன்றைவிட இது சீக்கிரம் காய்க்கிறது.

அந்த மரம் குட்டையாக இருந்ததால் இன்னொரு நன்மையும் விளைந்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. ரப்பர்த் தோட்டங்களும் வாழைத் தோட்டங்களும் படுத்துக் கிடந்ததையும், நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததையும் இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் விளையில் வாழை ஒன்றுகூட மிஞ்சவில்லை. வெயிலைத் தேடி நெடுக வளர்ந்திருந்த இரண்டு மாமரங்களும் ஒரு கொய்யாவும் ஒரு சக்கையும் விழுந்தன. இடுப்பளவில் அறுக்கப்பட்டு ஓராண்டே தழைத்திருந்த செங்கவருக்கை ஒரு கிளையும் முறியாமல் நின்றது.

விழுந்த மரங்களின் வேர்களைப் பார்த்ததுதான் எனக்குக் கிடைத்த பெரிய பாடம். ஒரு மாமரத்தின் ஆணிவேர், அது வளர்ந்த கறுப்புப் பையின் வடிவத்திலேயே, சுருட்டி வைத்த கயிறு போல மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சுருள் நிமிரவில்லை. பக்கவேர்கள் குழியின் எல்லையைத் தாண்டிச் சரலுக்குள் போகவும் இல்லை. கன்று வாங்கும்போது, காசுக்கு நல்ல உயரமாகக் கிடைக்கிறதே என்று பையில் நெடுநாள் நின்ற கன்றுகளையே நான் தேர்ந்திருந்தேன். உயரமான கன்றைவிட ஓராண்டு வயதுள்ள, தண்டு பருத்த, குட்டையான கன்றே சிறந்தது. பையின் அடியில் வேர் வெளியே வந்து முறுக்கிக் கிடந்தால் அதை வாங்காமல் விடுவதே நல்லது. பையைக் கிழித்தபின் சுற்றிக் கிடக்கும் மெல்லிய வேர்களைக் கூரிய கத்தியால் மேலிருந்து கீழாக இரண்டு மூன்று இடங்களில் அறுத்துவிட்டு நட்டால், வெட்டுவாயிலிருந்து புதுவேர் நேராக வெளியே ஓடும். ஆனால் மங்குஸ்தானிடம் இதைச் செய்யக் கூடாது. அதன் பக்கவேர்கள் மிகக் குறைவு, ஆணிவேருக்கு ஊறு நேர்ந்தால் கன்று எழுவதே இல்லை.

ஒக்கிக்குப் பின் 2018-இல் தொடங்கிய இரண்டாம் நடவில் ஏழு மரங்கள் மட்டுமே. மாங்கன்றுகளை இரண்டரை அடி உயரத்தில் நுனி கிள்ளி, மூன்று நான்கு பக்கக்கிளைகள் விடச்செய்து, அறுவடை முடிந்ததும் ஆண்டுதோறும் நடுவில் வெயில் இறங்கும்படி கழிக்கிறேன். முதல் மூன்று ஆண்டுகளில் வரும் பூவை உதிர்த்துவிடுகிறேன். இது மனத்துக்குக் கடினமான வேலை, ஆனாலும் செய்ய வேண்டும். உரத்தைத் தூரில் கொட்டுவதும் இல்லை. சத்தை உறிஞ்சும் வேர் கிளைநுனியின் நிழல் விழும் வட்டத்தில்தான் இருக்கிறது.

ரம்புட்டான் விஷயத்தில் நான் செய்த தவறை ஊரில் இன்னும் பலர் செய்துகொண்டிருக்கிறார்கள். தின்ற பழத்தின் கொட்டையை முளைக்கவைத்து 2009-இல் நட்டேன். ஆறாம் ஆண்டு மரம் முழுவதும் பூத்தது, தேனீ மொய்த்தது, பூ முழுவதும் கொட்டியது. அடுத்த ஆண்டும் அப்படியே. அது ஆண்மரம். ரம்புட்டான் விதைக்கன்றுகளில் ஏறக்குறைய பாதி ஆண்மரங்களாக அமையக்கூடும் என்பதால், காய்க்கும் மரத்தின் மொட்டை வைத்து ஒட்டிய கன்றையே வாங்க வேண்டும். மங்குஸ்தானுக்கு இந்தக் கவலை இல்லை. அதன் விதை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே உருவாவதால் விதைக்கன்றும் தாயைப் போலவே அமையும். அதற்கு வேண்டியது பொறுமையும் இளமையில் நிழலும். 2012-இல் தென்னைகளுக்கு இடையில் நட்டு, முதல் சில ஆண்டுகள் ஓலை மறைப்புக் கட்டி வளர்த்த மங்குஸ்தான் 2021-இல்தான் முதல் காய்களைத் தந்தது. ரம்புட்டான் சிவக்கத் தொடங்கியதும் கொத்துக்கு வலை கட்டாவிட்டால் வவ்வாலுக்கே போகும். வவ்வாலோ அணிலோ கடித்த பழத்தைக் குழந்தைகள் எடுத்துத் தின்னாமல் பார்த்துக்கொள்வதும் கட்டாயம்.

மாவில் இரண்டு தொல்லைகள். இளங்கன்றின் தளிர்கள் கத்தரிக்கோலால் நறுக்கியது போல வெட்டப்பட்டுக் கீழே கிடப்பதைப் பார்த்து, யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று ஒரு காலத்தில் நான் சந்தேகப்பட்டதுண்டு. அது ஒரு சிறு கூன்வண்டின் வேலை. தளிரில் முட்டையிட்டபின் அது இலையை வெட்டிக் கீழே தள்ளுகிறது. புழு அந்த இலைத்துண்டுக்குள் வளர்ந்து மண்ணுக்குள் போகிறது. ஆகவே விழுந்த துண்டுகளை அன்றாடம் பொறுக்கி எரித்தாலே பாதிக்கு மேல் அடங்கும். மற்றது, பழத்துக்குள் புழு வைக்கும் பழ ஈ. உதிர்ந்த பழங்களைத் தூரிலேயே கிடக்கவிடாமல் இரண்டடி ஆழத்தில் புதைப்பதும், காய் முற்றுவதற்கு முன்பே ஆண் ஈக்களை ஈர்க்கும் மீத்தைல் யூஜினால் பொறியைத் தொங்கவிடுவதும் பலன் தருகின்றன. அதே மணப்பொருள் துளசியிலும் இருப்பதால், கசக்கிய துளசியைச் சிரட்டையில் வைத்துப் பொறி செய்வோரும் உண்டு.

மரங்கள் சிறுத்திருக்கும் ஆண்டுகளில் இடைவெளியை வெறுமையாக விட வேண்டியதில்லை. அந்த இடத்துக்கு வாழையைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. இளங்கன்றுக்கு மேல்வெயிலை மறைக்கும், ஓராண்டில் குலை தரும், வேண்டாதபோது எடுத்துவிடலாம், தண்டும் இலையும் மூடாக்காகும். நான் வைத்தது மட்டி. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்து வாழை. மெல்லிய தோலும் சிறு பழமுமான அதை எங்கள் வீட்டில் குழந்தைகளுக்கு முதலில் ஊட்டுவது வழக்கம்.

கடைசியாகச் சக்கை. பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பிபிஐ 1 வகையின் ஒட்டுக்கன்று ஒன்றை 2018 ஆவணியில் வைத்தேன். நான்காம் ஆண்டில் தண்டில் விரல் நீளப் பிஞ்சுகள் நிறைய வந்து, ஒவ்வொன்றாகக் கறுத்து உதிர்ந்தபோது நான் பதறிப்போனேன். அத்தை அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அது ஆண்பூ, உதிர்ந்துதான் ஆக வேண்டும் என்றார். பெண்பூ தடித்த காம்பில், காம்பு பூவோடு சேரும் இடத்தில் ஒரு தடித்த வளையத்தோடு வரும். அதிலும் மழைக்காலத்தில் பிஞ்சின் மேல் கறுப்புப் பூசணம் படர்ந்தால், அது அடுத்ததற்குத் தொற்றுமுன் அறுத்து அப்புறப்படுத்த வேண்டும். காம்பில் தொத்திக் கிடக்கும் பழைய ஆண்பூக்களையும் தட்டிவிட வேண்டும். அந்த முதல் ஆண்டு இரண்டு காய்களை மட்டும் விட்டுவைத்தோம். ஒன்றைக் காயாகவே அவியலுக்கு எடுத்தோம். மற்றதைப் பழுக்கவிட்டு, அத்தையே கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்து சுளை எடுத்தார். பழைய மரத்தின் இனிப்பு இதில் இல்லை என்றார். ஆனாலும் இரண்டு சுளை கூடுதலாகவே தின்றார். கொட்டைகளை வழக்கம்போல் மண்ணில் புதைத்து வைத்திருக்கிறார்.